விசைப்பலகையும் வாயிற்காவலும்

சென்ற தை மாதத்தில் ஒருநாள் மாணவர் சிலருடன் பழவேற்காட்டுக்குச் சென்றிருந்தேன். ஒடிசாவிலுள்ள சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டு உவர்நீர் ஏரிகளுட் பெரியது இவ்வேரியேயாகும். நீர்ப்பரப்பிற் பெரும்பகுதி ஆந்திர நாட்டின்பாற்பட, தென்கோடி மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்துள்ளது. உலாந்தாக்காரர் 1613-ஆம் ஆண்டிற் கட்டிய கெல்திரியாக் கோட்டை இருந்த இடத்தையும், அவர்தம் கல்லறைகளையும் காண்பதே எங்கள் நோக்கம். ஆயினும் அன்று என் கருத்தை ஈர்த்தது கல்லறையன்று. படகுத்துறையில் அமர்ந்திருந்த மீனவ இளைஞர் ஒருவர் கையிலிருந்த திறன்பேசியே.

அவர் தம் அத்தை மகனுக்கு ஒரு செய்தி விடுத்திருந்தார். மறுமொழி கண்டு தலையிலடித்துக்கொண்டு சிரித்தார். யாது காரணம் என வினவினேன். “ஐயா, மறுநாளைக்கு வலை கிடைக்குமா என்று கேட்டிருந்தேன். தண்ணீர் ஏறிவிட்டது, வளை ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறான்” என்றார். சேற்று நண்டு வளையில் வாழ்வது; வளையைத் தேடி நண்டு பிடிப்போர்க்கு அதுவே முதல் நினைவு. செய்தியோ தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தாற் கூட்டி எழுதப்பட்டது. அவ்வெழுத்தில் லகரத்துக்கும் ளகரத்துக்கும் வேற்றுமையில்லை. ஆகவே மீனைப் பிடிக்கும் வலையும் நண்டு ஒளியும் வளையும் ஒன்றாயின. ழகரத்தையும் அதனோடு சேர்த்துக் குழப்புவார் கையில் வாளை மீனும் வாழைப்பழமும் ஒன்றாய்விடும்.

“உம் பேசியில் தமிழ் எழுத்துப் பலகை இல்லையோ?” என்றேன். “ஒருமுறை போட்டுப் பார்த்தேன், ஐயா. நடுவில் ஏதோ எச்சரிக்கை ஆங்கிலத்தில் வந்தது. பயந்து விட்டுவிட்டேன்” என்றார்.

அவ்வெச்சரிக்கை யாது? அதனை அங்கு வைத்தவர் யாவர்? அஃது அவரைக் காப்பதற்கு வைத்ததோ, தடுப்பதற்கு வைத்ததோ? இவ்வினாக்களே இவ்வியாசத்துக்குக் காரணமாயின. திறன்பேசியில் எழுதும் பலகையைப் பிறர் செய்து தருதற்கும், அதன் முகப்பிலே விட்ஜெட் எனப்படும் சிறு பலகணிகளை அமைத்தற்கும், பேசியை ஆக்கிய நிறுவனத்தாரும் செயலிக் கடை நடத்துவோரும் விதித்துள்ள கட்டுப்பாடுகளை ஈண்டு ஆராயப் புகுகின்றேன். வாயிலுக்குக் காவல் வேண்டுமா என்பது என் வினாவன்று, வேண்டும். காவலன் யாருக்கு விடை சொல்லக் கடவன் என்பதே என் வினா.

முதற்கண், தமிழ் விசைப்பலகையின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். நம் எழுத்து 247 என்பது சிறுவரும் அறிந்தது. தட்டச்சுப் பொறியிலோ ஐம்பதுக்கும் குறைவான விசைகளே உண்டு. இவ்விடர்ப்பாட்டை முதலில் வென்றவர் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-ஆம் ஆண்டு பிறந்த ஆர். முத்தையா ஆவர். 1907-இல் மலாயா நாடு சென்று பிழைத்த அவர், ஓய்வு நேரங்களில் உழைத்துத் தமிழ்த் தட்டச்சுப் பொறியை வகுத்தார். விசிறி, புள்ளி முதலியவற்றை அடித்தால் உருளை நகராது நிற்கும் ‘நகரா விசை’ அவர் கையாண்ட உபாயங்களுள் ஒன்று. ஜெர்மனியிலுள்ள செய்டல் – நௌமான் தொழிற்சாலையார் அதனைச் செய்து அளித்தனர். இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எந்த எழுத்து எந்த விசையில் நிற்கவேண்டும் என்பதைத் தமிழறிந்த ஒருவர் தீர்மானித்தார். இரும்பை வார்த்தவர் அயல்நாட்டார். பொறியை வார்த்தவரே எழுத்தின் இடத்தையும் வரையறுக்கும் நிலை அப்பொழுது எழவில்லை.

கணினி வந்தபின் ஆளுக்கொரு பலகை தோன்றிக் குழப்பம் மிகவே, 1999-ஆம் ஆண்டு சென்னையிற் கூடிய தமிழிணைய மாநாட்டின் பயனாகத் ‘தமிழ்99’ என்னும் பலகையைத் தமிழ்நாட்டரசு பொதுவெனக் கொண்டது. இப்பலகையின் அமைப்பு இலக்கணம் பயில்வார்க்குப் பேரின்பம் தருவதாகும். உயிரெழுத்துக்கள் இடக்கைப் பக்கம். மெய்யெழுத்துக்கள் வலக்கைப் பக்கம். மெய்விசையைத் தட்டின் அகரமேறிய மெய் தோன்றும்; அதன்பின் உயிர்விசையைத் தட்டின் உயிர்மெய்யாகும். ‘மெய்யின் இயக்கம் அகரமொடு’ என்று நாம் வகுப்பிற் படிப்பது இங்கே விரல் நுனியில் நிகழ்கின்றது. அதனினும் வியப்பு, புள்ளி தானே விழுவது. ஒரே மெய் இரட்டித்தால் முன்னது தானே புள்ளி பெறும். மெல்லெழுத்தின்பின் அதன் இனவல்லெழுத்து வந்தாலும் அங்ஙனமே. குப்பம் என்று எழுதுங்கால் பகரத்தை இருமுறை தட்டினாற் போதும். நண்டு என்பதற்கு நான்கு தட்டுக்களே வேண்டும்: நகரம், ணகரம், டகரம், உகரம். ணகரத்தின் தலையிற் புள்ளியை நாம் இடவேண்டுவதில்லை. பழவேற்காடு என்னும் பெயரிலோ றகரத்துக்கும் ககரத்துக்கும் இனமில்லாமையால் புள்ளியை நாமே இடவேண்டும், பத்துத் தட்டுக்கள். இத்தகைய பலகையை ஆங்கில விசைப்பலகையின் மேலொட்டாகச் செய்ய இயலாது. எழுத்துக்கு எழுத்து முன்பின் நோக்கி வினைசெய்யும் தனிச் செயலி ஒன்று வேண்டும். கட்டுப்பாடு என்பது தமிழரை நெருங்கித் தொடுமிடம் இதுவே. ஆங்கிலத்தார்க்குப் பிறர் செய்த பலகை ஓர் அலங்காரம். நமக்கோ அது பல்லாண்டு எழுதுகோலாகவே இருந்தது.

கைப்பேசியில் தமிழ் எழுதும் முயற்சிகளுட் பெயர் பெற்றது செல்லினம். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன், 1980களிலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை ஆக்கியவர், இதனை உருவாக்கினார். 2005-ஆம் ஆண்டுப் பொங்கலன்று சிங்கப்பூரில் அது பொதுமக்கள் கைக்கு வந்தது. பின்னர் திறன்பேசிகள் பரவியபோது இருவேறு வாயில்கள் எதிர்ப்பட்டன. கூகுள் நிறுவனத்தாரின் ஆண்ட்ராய்டு, 2009-ஆம் ஆண்டு வெளிவந்த தன் 1.5-ஆம் பதிப்பிலேயே பிறர் செய்த விசைப்பலகைகளையும் விட்ஜெட்டுக்களையும் ஏற்றுக்கொண்டது. (வாயில் திறந்திருந்தும் தொடக்கத்தில் பல கருவிகளில் தமிழ் எழுத்துரு இன்மையால் வெறுங் கட்டங்களே தோன்றின என்பது வேறு கதை.) ஆப்பிள் நிறுவனத்தாரின் ஐபோனோ 2014-ஆம் ஆண்டு வரை பிறர் பலகை எதனையும் உள்ளே விடவில்லை. ஆகவே ஐபோன் உடைய தமிழர், செல்லினம் போன்ற செயலியைத் திறந்து, அதனுள்ளே எழுதி, எழுதியதைப் படியெடுத்து, வேண்டிய இடத்திற் கொண்டுபோய் ஒட்டி வந்தனர். அடுத்த வீட்டுக் கிணற்றில் நீர் மொண்டு வந்து தன் வீட்டில் உலைவைப்பதை ஒக்கும் இது.

2013-இல் ஐஓஎஸ் 7 வெளிவந்தபோது ஆப்பிள் நிறுவனத்தாரே தமிழ்99, அஞ்சல் என்னும் இரு பலகைகளையும் பேசியினுள் வைத்தளித்தனர். மறு ஆண்டு செப்டம்பரில் ஐஓஎஸ் 8 வந்தது. பிறர் பலகைகளுக்கும், அறிவிப்புத் திரையில் விட்ஜெட்டுக்களுக்கும் வாயில் திறக்கப்பட்டது. முகப்புத் திரையிலே விட்ஜெட் வைத்தற்கு 2020 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆண்ட்ராய்டுக்குப் பதினோராண்டு பிற்பட்டு!

திறந்த வாயிலுக்கும் விதிகள் உண்டு. அவற்றை நுணுகி நோக்கின் சில அறிவுடையன, சில ஐயத்துக்கிடமானவை. கடவுச்சொல் எழுதும் கட்டத்தில் பிறர் பலகை தானே விலகிப் பேசியின் சொந்தப் பலகை வந்து நிற்கும். உடையவர் ‘முழு அனுமதி’ என்பதை வெளிப்படையாக அளித்தாலன்றிப் பலகை இணையத்தோடு தொடர்பு கொள்ளலாகாது. அவ்வனுமதி இன்றியும் எழுதும் தொழில் நடைபெறவேண்டும். அடுத்த பலகைக்கு மாற ஒரு வழி இருந்தே தீரவேண்டும். இவை யாவும் தக்கனவே. விசைப்பலகை என்பது யாது? நாம் எழுதும் ஒவ்வோர் எழுத்தையும், மறைவாக எழுதும் கடிதத்தையும், வங்கி எண்ணையும் முதலிற் காண்பது அஃதன்றோ? வீட்டு வேலையாளினும் நெருங்கிய ஒன்றினைச் சோதியாது உள்ளே விடுதல் மடமை. தீய நோக்குடைய ஒருவன் அழகிய தமிழ்ப் பலகை ஒன்றைச் செய்து இலவசமாக வழங்கின், ஒரு குப்பத்தார் அனைவரின் சேமிப்பும் ஓரிரவிற் கரைந்துபோதல் கூடும். எனவே, கட்டுப்பாடு என்ற சொல்லைக் கேட்டவுடன் கொதித்தெழும் நண்பரோடு நான் உடன்படேன்.

ஆனால் வேறொரு விதி உண்டு. பிறர் பலகைக்கு ஒலிவாங்கியைப் பயன்படுத்தும் உரிமை இல்லையென்று ஆப்பிள் தன் வழிகாட்டிக் குறிப்பில் எழுதிவைத்தது. பேசினால் எழுத்தாக்கித் தரும் பணி பேசியை ஆக்கியவர்க்கே உரியதாயிற்று. எழுத்துப் பழக்கம் குறைந்த கடலோர மக்களுக்குப் பேச்செழுத்துத்தான் பெருந்துணை. அதிலே ‘சுத்து வலை’, ‘மடவை’ போன்ற அவ்வூர்ச் சொற்களைத் திருத்தமாக அறிந்த பலகை ஒன்றைத் தமிழ்ப் பிள்ளைகள் செய்ய முயன்றால், அவ்வாயில் சாத்தியிருக்கக் காண்பர். காவலன் தானே கடையும் வைத்திருக்கின்றான் என்பதுதான் இங்குள்ள முடிச்சு.

இம்முடிச்சு வேறிடங்களிலும் வெளிப்பட்டது. 2014 அக்டோபரில், ஸ்காத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் தாம்சன் ஆக்கிய பீகால்க் என்னும் கணக்கிடும் செயலியின் விட்ஜெட்டினுள் கணக்குச் செய்தலாகாது என ஆப்பிள் தடுத்தது; முன்பு ஒப்புதல் அளித்ததும் அதுவே! ஊரார் நகைக்கவே சில நாட்களில் தடையை நீக்கிற்று. அதே காலத்தில் விலக்கப்பட்ட லாஞ்சர் என்னும் விட்ஜெட் செயலிக்கு மீண்டும் அனுமதி கிடைக்க 2015 மார்ச் வரை ஆயிற்று. இரு செயலியிலும் பிழை ஏதும் திருத்தப்படவில்லை. காவலன் மனமே மாறிற்று. கைக்கடிகாரத்தில் எழுதும் ஃப்ளிக்டைப் என்னும் பலகையைச் செய்த கோஸ்டா எலெஃப்தேரியு, தம் செயலி நியாயமின்றி மறுக்கப்பட்டதென 2021 மார்ச்சில் கலிபோர்னிய நீதிமன்றத்தில் வழக்கிட்டார். அவ்வாண்டு செப்டம்பரில் ஆப்பிள் தன் கைக்கடிகாரத்துக்குத் தானே ஒரு விசைப்பலகையை அறிவித்தது. வழக்கு 2022-இல் சமரசமாக முடிந்தது.

நிற்க. தடை எப்பொழுதும் கடைக்காரர் உள்ளத்திலிருந்தே எழுவதாக எண்ணலாகாது. வங்காளதேசத்தில் நிகழ்ந்தது நமக்குப் பெரும் பாடம். அங்கு முஸ்தபா ஜப்பார் 1988-இல் வெளியிட்ட பிஜோய் என்னும் பலகை பெருவழக்காயிற்று. எழுத்துக்கள் நிற்கும் ஒழுங்கே தம் உடைமை என்பது அவர் வழக்கு. ரித்மிக் என்னும் இலவசப் பலகை அவ்வொழுங்கையும் தந்ததாக அவர் முறையிடவே, 2015-இல் கூகுள் அதனைத் தன் கடையினின்று நீக்கிற்று. எழுதிக்கொண்டிருந்த மக்கள் அதிர்ந்தனர். வங்க மொழியின் அகரம் எந்த விசையில் நிற்பது என்பது ஒருவர் உடைமையாதல் எங்ஙனம்? பின்னர் 2023 சனவரியில் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமே ஆண்ட்ராய்டு பேசிகள் அனைத்திலும் பிஜோய் இருந்தாக வேண்டுமெனக் கட்டளையிட்டது. தமிழ்99 பலகையை அரசு பொதுவென அறிவித்ததன் நன்மை இதனை நோக்கும்போதுதான் நன்கு விளங்கும். அதனைச் செல்லினமும் தரலாம், ஆப்பிளும் தரலாம், கட்டற்ற மென்பொருளாளர் ஆக்கிய இண்டிக் கீபோர்டும் தரலாம். முறையீடு செய்வார் ஒருவருமில்லை.

நம் நாட்டிலும் அரசு தலையிட்டதுண்டு. இந்தியத் தர நிறுவனம் 2016-இல் வகுத்த விதியின்படி, இங்கு விற்கும் கைப்பேசிகள் இந்திய மொழிகள் 22-இன் எழுத்தையும் திரையிற் காட்டவேண்டும். ஆங்கிலம், இந்தி, பிறிதோர் இந்திய மொழி ஆகியவற்றில் எழுதவும் வசதி வேண்டும். அப்பிறிதொரு மொழி எது என்பதை உற்பத்தியாளர் விருப்பத்துக்கு விட்டனர். படிக்க 22, எழுத மூன்று. படித்துக் கேட்பவராக மட்டும் நம்மை வைத்து, எழுதி விடைசொல்பவராக எண்ணவில்லை போலும்! செயலிக் கடையைப் பற்றியோ, இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுள் மீது இருமுறை தண்டம் விதித்தது. ஆண்ட்ராய்டு பற்றியது 1,337.76 கோடி ரூபாய். கடையிற் பணம் செலுத்தும் முறை பற்றியது 936.44 கோடி. பின்னதை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச்சில் 216.69 கோடியாகக் குறைத்தது. இதற்கிடையே 2024 மார்ச் முதல்நாள், கட்டணப் பிணக்கினால் இந்தியச் செயலிகள் பலவற்றைக் கூகுள் கடையினின்று அகற்றிற்று. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் மேட்ரிமோனியும் அவற்றுள் ஒன்று. நடுவணரசு இடைப்பட்டபின் அவை மீண்டன.

பழவேற்காட்டுக்கு இஃதெல்லாம் புதுமையன்று என்று கோட்டையருகே நின்றபோது எனக்குத் தோன்றிற்று. பதினாறாம் நூற்றாண்டில் இத்துறையினின்று மலாக்காவுக்குத் துணியேற்றிச் சென்ற வணிகர், போர்த்துக்கீசர் வழங்கிய ‘கார்த்தாஸ்’ என்னும் சீட்டைக் கைக்கொள்ளவேண்டியிருந்தது. சீட்டில்லாக் கலம் பறிமுதலாகும். பின்வந்த உலாந்தாக்காரரும் அம்முறையை விட்டாரல்லர். கடற்கொள்ளையினின்று காத்தல் என்பது சொன்ன காரணம். அக்கடலில் வாணிகம் செய்தாரும் அவரே. ஆப்பிளின் கையொப்பம் பெறாத செயலி ஐபோனில் இயங்காது என்பதைக் கேட்கும்போது அச்சீட்டு நினைவுக்கு வராமற் போகுமோ? ஐரோப்பிய ஒன்றியம் தன் புதுச் சட்டத்தால் 2024-இல் பிறர் கடைகளையும் ஐபோனிற் புகச் செய்தது. ஆண்ட்ராய்டிலோ கடைக்கு வெளியிலிருந்தும் செயலியைப் பெறலாம். ஆயின் வழி நெடுகிலும் எச்சரிக்கைப் பலகைகள்.

அதே ஊரில் வேறொரு வகை வாயிலும் உண்டு. ஏரியின் மீன்பிடி இடங்களைப் பங்கிடும் ‘பாடு’ முறையைச் சொல்கின்றேன். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதா குப்பம் ஆகியவற்றின் பட்டினவர், தலைக்கட்டு எனப்படும் உரிமையுடையோர், கூடிச் சீட்டெடுத்து, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்னார் சுத்து வலை கட்டுவது என முறைவைத்துக் கொள்கின்றனர். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை வேறிடம் போவார். விதியும் கடுமையானதே, முறை பிறழ்ந்தவனை ஊர் விசாரிக்கும். ஆயினும் விதி வகுக்கும் கூட்டத்தில் வலை கட்டுபவனும் உட்கார்ந்திருக்கின்றான். தனக்கு மாறாகத் தீர்ப்பு வந்தால் எழுந்து நின்று, ஏன் என்று கேட்கின்றான். செயலிக் கடையின் முன் நிற்கும் தமிழ் மென்பொருளாளர்க்கு வாய்க்காதது இவ்விருக்கைதான்.

பாடு முறையைக் குறைவற்றதென்று நான் போற்றவில்லை. தலைக்கட்டில்லாத பிற வகுப்பார்க்கும், வெறுங்கையால் இறால் தடவிப் பிழைக்கும் இருளர்க்கும் அக்கூட்டத்தில் இடமில்லை. அதனால் எழுந்த பூசல்களும் உண்டு. உள்ளே இருப்பவனுக்கு நீதியாகத் தோன்றுவது வெளியே நிற்பவனுக்கு மதிலாகத் தோன்றும். ஆனால் பூசலிட்டுக் கேட்க ஓரிடம் இருக்கின்றது. கேட்கப்படுபவர் முகம் தெரிகின்றது. மறுப்புக் கடிதம் எழுதுவார் முகம் செயலி ஆக்கியோர்க்குத் தெரிவதில்லை.

இனி, அவ்விளைஞரிடம் மீள்வோம். அவருடைய பேசி ஆண்ட்ராய்டு வகையைச் சேர்ந்தது. மாணவர் ஒருவர் துணைசெய்யக் கடையிலிருந்து தமிழ்99 உள்ள ஒரு பலகையை இறக்கினோம். அமைப்பிற் சென்று அதனை இயக்கப் புகுந்தவுடன் அந்த எச்சரிக்கை தோன்றிற்று. நீங்கள் எழுதும் யாவற்றையும், கடவுச்சொல், கடனட்டை எண் உட்பட, இப்பலகை சேகரிக்கக் கூடும் என்பது அதன் கருத்து. தமிழில் எழுத விரும்பி வந்தவர்க்கு ஆங்கிலத்தில் அச்சமூட்டிய அவ்வாசகத்தைச் சொற்சொல்லாகத் தமிழில் எடுத்துரைத்தேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார்.

“பேசியோடு வந்த பலகை மட்டும் எழுதுவதைப் பார்க்காதா, ஐயா?” என்று கேட்டார்.

“அதுவும் பார்க்கும். அதற்கு எச்சரிக்கை வைப்பாரில்லை” என்றேன்.

“இதைச் செய்தவர் யார்?”

நான் அறிந்ததைச் சொன்னேன்: பெயர், ஊர், எத்தனை ஆண்டாக இத்தொழிலில் இருக்கின்றார் என்பது. வங்கி வேலைக்குப் பழைய பலகைக்கே மாறிக்கொள்ளும் வழியையும் காட்டினேன். பக்கத்தில் வலை பழுதுபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரை அவர் திரும்பி நோக்க, “தெரிந்த ஆள் என்றால் போடு, தம்பி” என்று அவர் தலை நிமிராமலே சொன்னார். இளைஞர் ஒப்புதலை அழுத்தினார்.

முதலில் அவர் எழுதிய சொல் நண்டு. நகரம், ணகரம், டகரம் என மெல்லத் தட்டினார். ணகரத்தின் தலையிற் புள்ளி தானே வந்து குந்தியதைக் கண்டு, “நான் வைக்கவில்லையே!” என்று வியந்து, அழித்து, மீண்டும் தட்டிப் பார்த்தார். பின்பு தம் அத்தை மகனுக்கு, வளையன்று, வலை என்று எழுதியனுப்பிவிட்டுப் படகை நோக்கி நடந்தார்.